என் பெயரில் ஒரு ரன்

எங்கள் பர்மா நாட்டுக் கிரிக்கெட் அணியைப் பற்றி வெளியே யாரைக் கேட்டாலும் ஒரே ஒரு கதைதான் தெரியும். பல வருடங்களுக்கு முன்னால் கோலாலம்பூரில் ஒரு போட்டியில் மொத்த அணியும் சேர்ந்து பத்து ரன்னுக்கு ஆட்டமிழந்தது. பத்து. அதற்குப் பிறகு எத்தனையோ ஆட்டம் ஆடிவிட்டோம், சிலவற்றில் ஜெயித்தும் இருக்கிறோம். ஆனால் எந்த நாட்டு மைதானத்தில் போய் இறங்கினாலும் யாராவது ஒருவர் பல்லைக் காட்டிக்கொண்டு, அந்த டீம்தானே நீங்கள் என்று கேட்காமல் இருக்க மாட்டார்.

அந்த ஸ்கோர் அட்டையை நானும் நூறு தடவையாவது பார்த்திருப்பேன். மற்றவர்கள் சிரிப்பதற்காகப் பார்ப்பார்கள். நான் வயிற்றெரிச்சலோடு பார்ப்பேன். அந்தப் பத்தில் பாதி உதிரி ரன். மீதி ஐந்தை ஐந்து பேர் ஆளுக்கு ஒன்றாக எடுத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட அட்டையில்கூட ஐந்து பேர் பெயருக்கு நேராக ஒன்று என்று இருக்கிறது. என் பெயருக்கு நேராக எந்த அட்டையிலும் அதுகூட இல்லை.

நான் இடது கைச் சுழல்பந்து வீசுகிறவன். வயிற்றுப்பாட்டுக்கு ரங்கூனின் பபேடான் பேட்டையில் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து, பிரேமில் பொருத்துகிற வேலை. நாட்டுக்காக மூன்று முறை மட்டை பிடித்திருக்கிறேன். முதல் முறை முதல் பந்திலேயே ஸ்டம்ப் பறந்தது. இரண்டாம் முறை கீப்பர் பிடித்தார். மூன்றாம் முறை ரன் அவுட். மூன்றும் சுழி. என் மனைவி இதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தாள். நான் வெளிநாட்டு ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வருகிற நாளில் முட்டைக் குழம்பு வைப்பாள். தட்டில் போட்டுவிட்டு, "அங்க வாங்கினது பத்தலேன்னா இன்னும் ஒண்ணு இருக்கு" என்பாள். சிரித்துக்கொண்டுதான் தின்பேன். ஆனால் எனக்கு அது உறைத்தது.

என் மகளுக்கு அப்போது பத்து வயது. அவள் சிரிக்க மாட்டாள். அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். பேசுவது பர்மியில்தான் சரளம். போனில் என் பெயரைத் தேடி, வரிசையாக நிற்கும் சுழிகளைப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டாள்.

"அப்பா, இது அழியாதா?"

"எது?"

"இதுதான். நான் பெரிசானாலும் இப்டியே இருக்குமா?"

இருக்கும் என்றேன். அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு ஒரு ரன் வேண்டும் என்கிற வெறி அன்றைக்குத்தான் பிடித்தது. ஐம்பது வேண்டாம், பத்து வேண்டாம். ஒன்று போதும்.

இயல்பிலேயே எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று கடை முதலாளி சொல்வார். லென்ஸ் மெஷின் ஓடுகிற நேரத்தில்கூட வாசலுக்கும் உள்ளுக்குமாக நாலு தடவை நடந்துவிடுவேன். ஆட்டத்தில் நம் ஆட்கள் இருவர் நன்றாக ஆடிக்கொண்டிருந்தால் வெளியே இருப்பவர்கள் உட்கார்ந்த இடத்தைவிட்டு நகரக்கூடாது என்று எங்கள் அணியில் ஒரு நம்பிக்கை உண்டு. என்னை மட்டும் யாராலும் கட்டிப்போட முடியாது. கால் பேடைக் கட்டிக்கொண்டு எல்லைக்கோட்டைச் சுற்றிக்கொண்டே இருப்பேன். விக்கெட் விழுந்தால் எல்லாரும் என்னைத்தான் முறைப்பார்கள்.

இப்படிப்பட்டவன் ஓட வேண்டிய ஒரே இடத்தில் மட்டும் ஓட மாட்டேன். அதற்குக் காரணம் எங்கள் தெரு.

இரண்டு பக்கமும் ஆறு மாடி எழும்பி நிற்கிற ஒடுக்கமான தெரு அது. மேல் மாடிகளிலிருந்து கயிறுகள் கீழே தொங்கும்; நுனியில் ஒரு கிளிப். பேப்பர்காரர் பேப்பரை அதில் மாட்டினால் மேலே இருப்பவர் இழுத்துக்கொள்வார். கீழே கார்கள், சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷா வண்டிகள், காய்கறிக் கூடைகள், டீக்கடையின் குட்டி குட்டி பிளாஸ்டிக் நாற்காலிகள். அங்கேதான் நாங்கள் கிரிக்கெட் படித்தோம். அந்த நெரிசலில் எவனால் ஓட முடியும்? அதனால் எங்கள் தெருவில் ரன் ஓடுகிற வழக்கமே கிடையாது. பந்து எங்கே போய்ச் சேருகிறதோ அதுதான் ரன். வெற்றிலைக் கடையைத் தொட்டால் ஒன்று. டீக்கடை நாற்காலியைத் தாண்டினால் இரண்டு. கோயில் வாசல் போனால் நாலு. முதல் மாடிக்கு மேலே போனால் அவுட். கயிற்றில் சிக்கினால் மறுபடி போட வேண்டும். அடித்துவிட்டு மட்டையைத் தரையில் தட்டிக்கொண்டு நின்றால் போதும், சுற்றியிருப்பவர்கள் சத்தமாக எண்ணிக்கை சொல்வார்கள்.

எங்கள் அணியில் பாதிப் பேர் இந்த மாதிரித் தெருக்களிலிருந்து வந்தவர்கள். அதனால் காற்றில் தூக்கி அடிக்க மாட்டோம், தரையோடு அழகாக அடிப்போம். அடித்துவிட்டு நின்று வேடிக்கை பார்ப்போம். எங்கள் பயிற்சியாளருக்கு இதனால் முடி கொட்டியது என்று சொல்வார்கள். ஆசிரியரை இங்கே சயா என்று கூப்பிடுவது வழக்கம். அவரையும் அப்படித்தான் கூப்பிடுவோம். மழை விட்ட நேரமாகப் பார்த்து, கால்பந்துக்காரர்கள் விட்டுக்கொடுத்த மைதானத்தில் பந்தே இல்லாமல் எங்களை ஓட விடுவார். மட்டையைச் சுழற்று, ஓடு. மட்டையைச் சுழற்று, ஓடு. பந்து இல்லாதபோது எல்லாரும் நன்றாக ஓடுவோம். என் மூன்றாவது சுழியும் அப்படி நின்று வாங்கியதுதான்.

எங்களில் சரியாக ஓடத் தெரிந்த ஆள் ஒருவன் உண்டு. எங்கள் தெருக்காரன்தான், எதிர்க் கட்டடம், மூன்றாம் மாடி. நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், பக்கத்துப் பேட்டையான லத்தாவில் கயிறும் வலையும் விற்கிற கடை. என்னைவிட ஆறு வயது சிறியவன். நாலு வருடம் சிங்கப்பூரில் வேலை பார்த்து, அங்கே ஞாயிற்றுக்கிழமை லீக்கில் ஆடி ஓட்டத்தைக் கற்றுக்கொண்டு வந்தான். இப்போது அவன்தான் எங்கள் கேப்டன். அன்றும் இன்றும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். மலேசியாவில் நடக்கவிருந்த போட்டிகளுக்கு அணிப் பட்டியல் எழுதும்போது, முப்பத்தொன்பது வயதுக் கிழவன் எதற்கு என்று யாரோ கேட்டபோது, அண்ணன் வருவார் என்று அவன்தான் ஒரே பிடியாக நின்றானாம். இளவட்டங்கள் சிலருக்கு வெளிநாடு போக அனுமதி கிடைக்காமல் போனதும் எனக்கு வாய்ப்பாகிவிட்டது. எப்படியோ என் பெயர் ஏறியது. இதுதான் கடைசி என்று சயா முகத்துக்கு நேராகவே சொன்னார். அதில் எனக்கு வருத்தமில்லை. கடைசி என்றாலும் ஒரு வாய்ப்பு.

மலேசியாவில் மைதானம் பச்சைப் பசேல் என்று இருந்தது. தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த தமிழர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, "எந்த ஊருங்க?" என்றார். ரங்கூன் என்றேன். "அங்கல்லாம் கிரிக்கெட் இருக்கா?" என்றார். இருக்கிறது என்று சொல்லிவிட்டு எல்லைக்கோட்டைச் சுற்ற ஆரம்பித்தேன். அந்த வாரம் முழுக்க நான் நடந்த நடையைச் சேர்த்தால் ரங்கூனுக்கே திரும்பி வந்திருக்கலாம். பந்து வீசினேன், அடி வாங்கினேன், இரண்டு விக்கெட்டும் எடுத்தேன். ஆனால் மட்டை பிடிக்க முறை வரவேயில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் பேடைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாகவே போயிற்று. சாயங்காலம் வீட்டுக்கு வீடியோவில் பேசும்போது மகள் ஒன்றும் கேட்க மாட்டாள். சாப்பிட்டீர்களா என்பாள், அவ்வளவுதான்.

கடைசி ஆட்டத்தில் முறை வந்தது. பெரிய இலக்கைத் துரத்திக்கொண்டிருந்தோம். ஜெயிக்க மாட்டோம் என்பது எல்லாருக்கும் தெரிந்துபோயிருந்தது. ஆனால் ஒரு முனையில் கேப்டன் அசையாமல் நின்று ஆடிக்கொண்டிருந்தான். ஏழாவது விக்கெட் விழுந்தபோது அவன் அரைச் சதத்துக்கு ஒரு பவுண்டரி தூரத்தில் இருந்தான். எங்கள் அணிக்கு அரைச் சதம் என்பது மழைக்காலத்தில் வெயில் மாதிரி, எப்போதாவது வரும். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு எழுந்தபோது சயா என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ ஒன்னும் பெரிசாச் செய்ய வேண்டாம். ஒரு சிங்கிள் எடுத்து அவன்கிட்டக் குடு. புரியுதா?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கு வேண்டியதும் அதே ஒன்றுதான். நான் எடுத்தால் அவன் அடிப்பான். இரண்டு காரியமும் ஒரே பந்தில் முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன்.

முதல் பந்தைத் தடுத்தேன். இரண்டாவது பந்து கால் பக்கமாக வந்தது. மட்டையை லேசாகத் திருப்பினேன், அவ்வளவுதான். பந்து கீப்பருக்கு எட்டாமல் பின்னால் வழுக்கிக்கொண்டு ஓடியது. அது போன திசையில், எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம், யாரோ இரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நிஜமாகச் சொல்கிறேன், என் தலைக்குள் டீக்கடைதான் வந்தது. இரண்டு, என்று மனதுக்குள் ஒரு குரல் சொன்னது. மட்டையைத் தரையில் தட்டிக்கொண்டு நின்றேன்.

"ப்யே! ப்யே!"

ஓடு, ஓடு என்று பர்மியில் கேப்டன் கத்துகிறான். பின்னால் போகும் பந்துக்கு எதிர்முனைக்காரன்தான் குரல் கொடுக்க வேண்டும்; அவன் சரியாகத்தான் கொடுத்தான். நான் திரும்பிப் பார்க்கும்போது அவன் பாதிப் பிட்ச்சைத் தாண்டிவிட்டான். திரும்பிப் போக முடியாத தூரம். நேராக வந்து என் பக்கத்தில், என் கோட்டுக்குள்ளேயே மட்டையை வைத்தான். ஒரே முனையில் இரண்டு பேரும் நிற்கிறோம். எதிர்முனையில் யாருமில்லை. பந்து ஃபைன் லெக்கிலிருந்து கீப்பர் கைக்கு வந்தது. கீப்பர் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்துவிட்டு அதை மெதுவாகப் பந்துவீச்சாளரிடம் தூக்கிப் போட்டான். பந்துவீச்சாளர் அவசரத்தில் அதைத் தவறவிட்டான். பந்து அவன் காலடியில் உருண்டது.

இந்த இடத்தை நான் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். ரொம்ப நேரம் இல்லை; இரண்டு மூச்சு விடுகிற நேரம். விதி எனக்குத் தெரியும். நான் கோட்டைவிட்டு நகராமல் நின்றால் அந்த இடம் எனக்குச் சொந்தம், அவன் அவுட். நான் கோட்டைத் தாண்டி எதிர்முனைக்குக் கிளம்பிவிட்டால் நான் அவுட், அவன் தப்பிப்பான். தப்பு என்னுடையது. அவனோ அரைச் சதத்துக்குப் பக்கத்தில் நிற்கிறான். என்னைப் பட்டியலில் சேர்த்தவனும் அவன்தான். மூளையில்லாதவனுக்குக்கூட என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்கும். கிளம்பு என்று எனக்கும் தோன்றியது. கூடவே, மகள் போனைக் கவிழ்த்து வைத்ததும் ஞாபகம் வந்தது. நாலாவது சுழி. கடைசிச் சுழி.

நான் போகவில்லை. ஸ்டம்பு விழுந்தது.

கேப்டன் என்னைப் பார்த்தான். மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்து போனான். அவன் எல்லைக்கோட்டைத் தாண்டும்வரை நான் என் கையுறையைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த பந்தை மிட் ஆனுக்குத் தள்ளிவிட்டு ஓடினேன். திருடன் ஓடுகிற மாதிரி ஓடினேன். புதிதாக வந்தவனுக்கு நான் கூப்பிட்டதுகூடக் கேட்டிருக்காது, என் ஓட்டத்தைப் பார்த்துப் பயந்து ஓடியிருப்பான். போய்ச் சேர்ந்தேன். ஒன்று. ஸ்கோர் பலகையில் என் எண்ணுக்கு நேராக ஒன்று மாறுவதை நின்று பார்த்தேன். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இரண்டு ஓவரில் எல்லாம் முடிந்துபோனது.

உடை மாற்றும் அறையில் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நானே முந்திக்கொண்டு சொன்னேன்.

"தெருப் பழக்கம்ப்பா, என்ன பண்றது. நாற்காலியப் பாத்ததும் ரெண்டுன்னு நின்னுட்டேன். அப்புறம் கால் மரத்துப்போச்சு."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஏனென்றால் எல்லாருக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. சயா மட்டும் சிரிக்காமல் வெளியே போய்விட்டார். கேப்டன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். துண்டுக்குள்ளிருந்தே, "பரவால்லண்ணே" என்றான்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் மகள், "தித்! அப்பா, தித்!" என்று குதித்தாள். பர்மியில் ஒன்று. சமையலறைக்குப் போகிற சுவரில் தடித்த மார்க்கர் பேனாவால் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று எழுதி வைத்திருந்தாள். பர்மிய எண்ணில் ஒன்று என்பது முழுதாக மூடாத ஒரு வட்டம். தூரத்திலிருந்து பார்த்தால் சுழி மாதிரியே இருக்கும். அவளே போனில் அட்டையைத் திறந்து ஒவ்வொரு வரியாக எனக்கே படித்துக் காட்டினாள். கேப்டன் பெயருக்கு நேராக ரன் அவுட் என்று இருந்த வரியை வேகமாகத் தாண்டிப் போனாள். மனைவி கரண்டியோடு வந்து நின்றாள்.

"இனிமே முட்டைக் கொழம்பு வைக்கலாந்தானே? ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

அன்றைக்கும் முட்டைக் குழம்புதான். எனக்கு இறங்கவில்லை. பயணக் களைப்பு என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு தெருவில் டீக்கடைக்காரர், வெற்றிலைக் கடைக்காரர், முதலாளி என்று பார்க்கிற எல்லாரிடமும் அந்த நாற்காலிக் கதையைச் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன். சொல்லச் சொல்ல நடிப்புக்கூடச் சேர்ந்துவிட்டது. மட்டையைத் தட்டுவது, வாயைப் பிளந்து நிற்பது எல்லாம். எல்லாரும் சிரித்தார்கள். ஒவ்வொரு தடவை சொல்லி முடித்ததும் உடனே அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விட வேண்டும் போல இருந்தது.

கேப்டன் கண்ணில் படவில்லை. எதிர்க் கட்டடம்தான், ஆனாலும் படவில்லை. ஒருவேளை நான்தான் அவன் கடைக்குப் போகும் நேரம் பார்த்து வாசலில் இறங்காமல் இருந்தேனோ என்னவோ.

இரண்டு வாரம் கழித்து அவனே எங்கள் கடைக்கு வந்தான். அவன் அத்தாவின், அதாவது அப்பாவின், கண்ணாடியில் ஒரு பக்கத்து மூக்குத் தாங்கி விழுந்துவிட்டிருந்தது. வாங்கிக்கொண்டு குனிந்து திருகாணியைத் தேட ஆரம்பித்தேன். வாய் மட்டும் ஓயவில்லை. மழை, கரண்ட், அவன் அத்தாவின் உடம்பு, எதையெதையோ பேசினேன். கடைசியில் சுற்றிச் சுற்றி அந்த நாற்காலிக் கதைக்கே வந்து சேர்ந்தேன்.

"அந்தப் பாழாப்போன நாற்காலி மட்டும் அங்க இல்லாம இருந்தா..."

"அண்ணே" என்றான்.

நிமிர்ந்தேன்.

"நீங்க கால எடுத்தீங்கண்ணே."

மறுபடி குனிந்து திருகாணியை இறுக்கினேன்.

"போறதுக்குக் கால எடுத்தீங்க. எடுத்துட்டுத் திரும்ப உள்ள வெச்சீங்க. நா உங்க பக்கத்துலதானே நின்னேன்." அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். "போகட்டும். ஒங்களுக்கு அது வேணும்னு எனக்கும் தெரியும். ஆனா தெருப் பழக்கம்னு மட்டும் சொல்லாதீங்க. நானும் அந்தத் தெருதாண்ணே."

கண்ணாடியைக் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டுப் போனான். நான் மெஷினை அணைத்துவிட்டு முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிக் கிளம்பினேன். நேராக வீட்டுக்குப் போக முடியவில்லை. சந்தை வரை நடந்து, துறைமுகச் சாலைவரை போய், திரும்பி வந்து, மறுபடியும் போனேன். வெட்கமாக இருந்தது. அதை வேறு எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பொய்.

வீட்டில் மகள் தரையில் உட்கார்ந்து பள்ளிப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மனைவி மாடியில் துணி எடுக்கப் போயிருந்தாள். நான் மகளுக்கு எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலி, அவன் ஓடி வந்தது, பந்து உருண்டது, நான் காலை எடுத்தது, திரும்ப வைத்தது. காலை வைத்தது எதற்காக என்றும் சொன்னேன். அவள் பேனாவைக் கையில் பிடித்தபடியே கேட்டாள். தமிழ் வார்த்தை ஏதாவது புரியவில்லையோ என்று பாதியில் பர்மியில் திருப்பிச் சொன்னேன். புரியுது, சொல்லுங்க என்றாள்.

சொல்லி முடித்தபின் சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்தாள்.

"அப்ப அந்த ஒண்ணு யாரோடது?"

என்னோடதுதான், போனில் என் பெயரில்தானே இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து போய்ப் பையிலிருந்து அந்தத் தடித்த மார்க்கரை எடுத்தாள். அழித்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அழிக்கவில்லை. அவளுக்குத் தமிழ் எழுதத் தெரியாது; பர்மிய எழுத்தில், அந்த ஒன்றுக்குப் பக்கத்தில், எதிர் வீட்டு மாமாவின் பெயரை எழுதினாள். எழுத்தைச் சரிபார்த்துவிட்டு மூடியைப் போட்டு மூடினாள்.

"நீங்க அடுத்த தடவ ஒங்களுக்குன்னு ஒண்ணு எடுங்கப்பா" என்றாள்.

அடுத்த தடவை என்று ஒன்று இல்லை என்பதை நான் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.